அப்பாவுக்கு 69, அம்மாவுக்கு 64: 80 டெஸ்ட் எடுத்தாச்சு, தடுப்பூசி பற்றி யாருமே சொல்லவில்லை

வெண்ணாற்றங்கரை
6 செப்டம்பர் 2025, காலை 7:12

எல்லோருக்கும் வணக்கம். நான் வேளச்சேரியில் இருக்கிறேன், அப்பா அம்மா நீடாமங்கலம் பக்கம் ஊரிலேயே. அப்பாவுக்கு 14 வருடமாகச் சர்க்கரை, 6 வருடமாக பிபி. அம்மாவுக்கு பிபி மட்டும்.

ஆடி அமாவாசைக்கு ஊருக்குப் போனபோது லேப்காரர்களை வீட்டுக்கே வரவழைத்து இரண்டு பேருக்கும் "80 டெஸ்ட்" பேக்கேஜ் எடுத்தேன். ரிப்போர்ட் 19 பக்கம். அப்பாவுக்கு ஏழு இடத்தில் சிவப்பு எழுத்து, அம்மாவுக்கு ஐந்து இடத்தில். அதைப் பார்த்து விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. அப்பா அதை ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் பூட்டிவிட்டார். கேட்டால் "அதான் எடுத்தாச்சுல்ல, அப்புறம் என்ன" என்கிறார்.

போன வாரம் விடியற்காலையில் கொல்லைப்பக்கம் போக எழுந்த அம்மாவுக்குத் தலை சுற்றி, கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை விழவில்லை. 80 டெஸ்ட் எடுத்தும் இது ஏன் என்று அந்த 19 பக்கத்தில் இல்லை.

இன்னொன்று. ஆபீஸில் ஒருவர் "மழை ஆரம்பிக்கறதுக்குள்ள அப்பாவுக்கு ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போட்டுடுங்க" என்றார். இத்தனை வருடமாகச் சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டர் ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை. பெரியவர்களுக்குத் தடுப்பூசி நிஜமாகவே தேவையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரை_மருத்துவன்
6 செப்டம்பர், காலை 9:40

முதலில் அம்மாவைப் பார்ப்போம், மற்றது அப்புறம்.

ஐந்து நிமிடம் படுக்க வைத்து பிபி பாருங்கள். எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு முறை பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், எழும்போது ரத்த அழுத்தம் விழுகிறது என்று அர்த்தம். ரத்தம் எடுத்துக்கொண்டு போகிற லேப்பில் இது தெரியவே தெரியாது. இந்த வயதில் பெரும்பாலும் மாத்திரையால் வரும், அல்லது தண்ணீர் குறைவாகக் குடிப்பதால். இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் பல வீடுகளில் இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். வீட்டில் இருக்கிற மாத்திரை அத்தனையையும், மெடிக்கலில் கேட்டு வாங்கியது, பக்கத்து வீட்டில் கொடுத்தது உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு அப்படியே டாக்டர் மேசையில் கொட்டுங்கள்.

கணக்கர்_திருச்சி
6 செப்டம்பர், காலை 10:05

ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய வரிமுறையில் இருந்தால் 80டி பிரிவில் முன்தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழிக்கலாம். மொத்த உச்சவரம்புக்குள்தான் வரும். இதற்கு மட்டும் ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் செல்லும்.

பொதிகைச்சாரல்
6 செப்டம்பர், இரவு 9:31

தங்கச்சி, எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

போன வருடம் சித்திரையில் அம்மாவுக்கு வலது விலாவில் எரிச்சல். வேர்க்குரு என்று நினைத்தோம். மறுநாள் காலையில் முதுகெலும்பிலிருந்து மார்பு வரை ஒரு பக்கமாக மட்டும், கயிறு கட்டினாற்போல் கொப்புளம். பார்த்த எல்லோரும் "அக்கி" என்றார்கள். எங்கள் ஊரில் அக்கி என்றால் முதலில் போவது வேளார் வீட்டுக்குத்தான். அவர் காவியைக் குழைத்து, கோழி இறகால் கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கம் எழுதினார். மூன்று நாள் எழுத வேண்டும், தண்ணீர் படக்கூடாது. காசு கூட வாங்கவில்லை அவர். அவர்மேல் எனக்கு இன்றும் ஒரு குறையும் இல்லை.

நாலாம் நாள் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரை ஆரம்பித்தால்தான் முழுப் பலன் என்று டாக்டர் சொன்னார். அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டுத் திண்ணையில் கழிந்துவிட்டது.

கொப்புளம் மூன்று வாரத்தில் உதிர்ந்தது. வலி உதிரவில்லை. இன்றைக்குப் பதினாறு மாதம் ஆகிறது. ஜாக்கெட் துணி பட்டாலே அம்மா துடிக்கிறார். ஃபேன் காற்று அந்தப் பக்கம் படக்கூடாது என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கிறார். நரம்பு வலி மாத்திரை போட்டால் பகலெல்லாம் தூக்கம், போடாவிட்டால் ராத்திரியெல்லாம் முழிப்பு. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் (சிக்கன்பாக்ஸ்) கிருமி நரம்பிலேயே தங்கி, வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது இப்படிக் கிளம்புமாம். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, 50 வயதுக்கு மேல் போடலாம் என்று எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். 2023-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டதாம். யாராவது ஒருவர் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடன் வாங்கியாவது போட்டிருப்பேன்.

பசுமைக்காடு
7 செப்டம்பர், காலை 6:20

பொதிகை அண்ணா, படிக்கவே மனசு கனத்துப் போச்சு. அம்மா சீக்கிரம் குணமாகட்டும்.

ஆனாலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தாத்தா 92 வயது வரை இருந்தார். கேழ்வரகுக் கூழ், வயல் வேலை, வருடத்துக்கு இரண்டு தடவை நிலவேம்புக் கஷாயம். ஒரு ஊசி போட்டதில்லை. முதலில் டெஸ்ட் என்று பயமுறுத்துகிறார்கள், அப்புறம் ஊசி என்று விற்கிறார்கள். குழந்தைக்கு ஊசி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பெரியவர்களுக்கும் வருடா வருடம் என்பது கம்பெனிக்காரன் வியாபாரம் என்றுதான் தோன்றுகிறது.

ஓய்வுபெற்ற_செவிலி
7 செப்டம்பர், பிற்பகல் 3:48

பசுமைத் தம்பி, கோபமில்லாமல் ஒன்று கேட்கிறேன். உங்கள் தாத்தாவின் மேல்கையில் வட்டமாகத் தழும்பு இருந்ததா? ஞாபகம் இல்லையென்றால் வீட்டில் அந்த வயதில் இருக்கிற வேறு யாருடைய கையையாவது பாருங்கள். அது அம்மை குத்திய தழும்பு. ஊருக்கு ஊர் ஆள் வந்து குத்தினார்கள். 1975-க்குப் பிறகு இந்த நாட்டில் பெரியம்மை இல்லை. கூழும் வயல் வேலையும் தாத்தாவைத் தெம்பாக வைத்திருந்தது உண்மை. அந்தத் தழும்பும் அவர் கூடவே இருந்தது.

நான் விருதுநகர் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியாக 1986-ல் சேர்ந்தேன். அதற்கு முந்தைய வருடம்தான் எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி என்ற திட்டம் நாட்டில் ஆரம்பித்தது. ஐஸ் கட்டி வைத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று ஊர் நடப்பேன். குழந்தைக்கு முத்தடுப்பு, போலியோ சொட்டு, தட்டம்மை. கர்ப்பிணிக்கு டி.டி. (TT) என்கிற ரணஜன்னி ஊசி. அதே வீட்டுத் திண்ணையில் இருமிக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். "எனக்கு ஒண்ணும் இல்லையா தாயி" என்று கேட்பார். அவருக்கென்று என் பெட்டியில் ஒன்றுமே இருந்ததில்லை. முப்பத்தைந்து வருடமும் அப்படித்தான் போனது. இந்தக் கேள்வியைப் பார்த்ததும் அந்தத் திண்ணைதான் கண்ணில் வந்தது.

இப்போது 60, 70 வயதில் இருப்பவர்கள் அந்தத் திட்டத்துக்கு முன்னால் பிறந்தவர்கள். குழந்தைப் பருவத்தில் முழுத் தடுப்பூசி போட்டவர் அபூர்வம். முள் குத்தினால், கொத்து பட்டால் ஒரு டி.டி. போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். ஒழுங்கான கணக்கு மூன்று ஊசி. முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, அதற்கு ஆறு மாதம் கழித்து மூன்றாவது. பிறகு பத்து வருடத்துக்கு ஒன்று. பழைய டி.டி.க்குப் (TT) பதில் இப்போது வருகிற Td ஊசியில் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வெண்ணாற்றங்கரை அம்மாடி, உங்கள் அப்பாவின் காலை யாராவது தொட்டுப் பார்த்தார்களா? 14 வருடச் சர்க்கரை என்றால் எனக்கு முதல் கவலை அதுதான். மெல்லிய நைலான் இழை ஒன்று இருக்கிறது. கண்ணை மூடச் சொல்லி பெருவிரல் அடியில், பாதத்தின் மேட்டில் அதை லேசாக வளைகிற அளவுக்கு அழுத்துவோம். தெரிகிறதா என்று கேட்டால், நாம் தொடாத இடத்திலேயே "ஆமா தெரியுது" என்பவர்கள் உண்டு. அப்படி ஒருவர் செருப்புக்குள் ஆணி குத்தி இரண்டு நாள் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். கண்ணின் விழித்திரைப் படம் வருடத்துக்கு ஒரு முறை, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று வருடத்துக்கு ஒரு முறை. வெற்றிலை, புகையிலை பழக்கம் இருந்தால் டார்ச் அடித்து வாயைப் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு மார்பகமும் கர்ப்பப்பை வாயும் பார்த்தார்களா என்று கேளுங்கள். இதெல்லாம் அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்ப்பார்கள், செலவில்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்டில் ஆரம்பித்ததிலிருந்து சர்க்கரை, பிபி மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ரொம்ப நல்லது. ஆனால் மாத்திரை வீட்டுக்கு வருகிறது என்பதற்காக டாக்டரிடம் போவதையே விட்டுவிட்டவர்களையும் பார்க்கிறேன். இப்போது சனிக்கிழமைகளில் நலம் காக்கும் ஸ்டாலின் முகாம் நடக்கிறதே, உங்கள் பக்கம் எப்போது என்று விசாரியுங்கள். கண், இதயம், எலும்பு என்று எல்லா டாக்டர்களும் ஒரே இடத்தில் இருப்பார்கள்.

வெண்ணாற்றங்கரை
7 செப்டம்பர், மாலை 5:15

செவிலி அம்மா, 80 டெஸ்ட் லிஸ்ட்டை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். சிறுநீர் ஆல்புமின் இல்லை. புற்றுநோய் மார்க்கர் என்று மூன்று இருக்கிறது. கண், கால் எதுவும் இல்லை. ஊசிகள் எந்தெந்த வரிசையில், எவ்வளவு செலவு ஆகும்?

மதுரை_மருத்துவன்
7 செப்டம்பர், இரவு 10:22

மார்க்கர் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அறிகுறி இல்லாத ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கிறதா என்று தேட அந்த ரத்தப் பரிசோதனைகள் உதவாது. ஏற்கெனவே கண்டுபிடித்த நோய் சிகிச்சையில் எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் பெரும்பாலும் பயன்படுகின்றன. சாதாரணக் காரணத்துக்கே சில சமயம் கூடிக் காட்டும். அப்புறம் ஸ்கேன், ஸ்கேனுக்கு மேல் ஸ்கேன், குடும்பமே தூக்கமில்லாமல் அலையும். என்னிடம் இப்படி வருபவர்கள் நிறைய. எண்ணிக்கையைக் கூட்டத்தான் அவற்றைப் பேக்கேஜில் சேர்க்கிறார்கள் என்பது என் அபிப்ராயம். மறுபக்கம், சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் "நார்மல்" என்று நிம்மதியாக இருப்பார்கள். அது ஏறுவதற்குப் பல வருடம் முன்பே சிறுநீரில் ஆல்புமின் கசிய ஆரம்பித்திருக்கும். அந்த ஒரு டெஸ்ட்தான் விடுபட்டிருக்கிறது.

ஊசிக்கு வருகிறேன்.

ஃப்ளூ: வருடம் ஒன்று. கிருமி வருடா வருடம் உருமாறுவதால் ஊசியும் மாறுகிறது. எந்த வகைகளைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், முடிவு செய்கிறது. பசுமைக்காடு அவர்கள் கேட்டதற்கு இதுதான் பதில். டெல்லிப் பக்கம் ஃப்ளூ ஜூலை, ஆகஸ்ட்டில் ஏறும். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். ஆக, உங்கள் அப்பாவுக்கு இந்த மாதமே சரியான நேரம். சர்க்கரை உள்ளவருக்கு ஃப்ளூ வந்தால் சளியோடு நிற்பதில்லை. நிமோனியாவில் முடியலாம், மாரடைப்பையும் தூண்டலாம். ஊசி போட்டால் ஃப்ளூ வந்துவிடும் என்பார்கள். அதில் இருப்பது செயலிழக்கச் செய்த கிருமி, அது நோயைத் தராது. ஓரிரு நாள் கை வலி, லேசான காய்ச்சல் இருக்கும்.

நிமோனியா: 13 வகைக் கிருமிக்கான ஊசி போட்டால் ஒரு வருடம் கழித்து 23 வகை ஊசி. 20 வகை ஊசி கிடைத்தால் அது ஒன்றே போதும். ஃப்ளூ ஊசியோடு ஒரே நாளில் மறு கையில் போடலாம்.

அக்கி: இரண்டு ஊசி, இரண்டிலிருந்து ஆறு மாத இடைவெளி. பாதுகாப்பு 90 சதவீதத்துக்கு மேல். கை வலி, குளிர், உடம்பு வலி மற்ற ஊசிகளைவிடக் கூடுதலாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பொதிகைச்சாரல், உங்கள் அம்மாவுக்கும் போடலாம், ஒரு முறை வந்தவருக்குத் திரும்ப வரலாம். இப்போதுள்ள வலி இதனால் குறையாது. அதற்கு வலி சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், மாத்திரை தவிர வேறு வழிகளும் உண்டு.

செலவுதான் வருத்தம். ஃப்ளூ இரண்டாயிரத்தை ஒட்டி, நிமோனியா நாலாயிரம் அளவில், அக்கி ஒரு ஊசியே பத்தாயிரத்துக்கு மேல். குழந்தைகளுக்கு இலவசமாகக் கிடைப்பதுபோல் பெரியவர்களுக்கு இந்த மூன்றும் கிடைப்பதில்லை. முதியோருக்கென்று தனி மருத்துவத்தை நாட்டிலேயே முதலில் ஆரம்பித்தது சென்னை மருத்துவக் கல்லூரிதான், பட்டமேற்படிப்பே 1996-ல் கொண்டுவந்தோம். கிண்டியில் தேசிய முதியோர் மருத்துவமனையும் 2024-ல் வந்துவிட்டது. 65 தாண்டிய சர்க்கரை நோயாளிக்காவது ஃப்ளூ ஊசியை இலவசமாகப் போட வேண்டும் என்று நாம் எல்லோரும் கேட்க வேண்டும். பணம் ஒரே நேரத்தில் முடியாதென்றால் அப்பாவுக்கு ஃப்ளூ, அடுத்து நிமோனியா, அதற்கப்புறம் அக்கி என்ற வரிசையில் போங்கள்.

வன்னிமகள்_லண்டன்
8 செப்டம்பர், அதிகாலை 2:50

எங்கட அம்மாவுக்கு 76 வயசு. இஞ்ச 65 முடிஞ்சால் ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி ரெண்டும் காசில்லாமல் போடுவினம். அக்கி ஊசி 70க்குப் பிறகு போட்டவை. போன வருசம் செப்டம்பரில 75 வயசுக்காரருக்கு ஆர்.எஸ்.வி. எண்டு நெஞ்சுச் சளிக்கான ஊசியும் துவங்கினவை, அம்மா அதையும் போட்டுட்டா. நாங்கள் தேடிப் போறேல்லை, கடிதம் வீட்டுக்கு வரும். அப்பாவுக்கு 65 ஆனவுடன வயித்துப் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கோ எண்டு பாக்க ஒரு ஸ்கேனுக்குக் கூப்பிட்டவை. பத்து நிமிச வேலை.

ஊரில இருக்கிற பெரியம்மாவுக்கு நான் கடிதம் அனுப்புற ஆள் மாதிரி ஆயிட்டன். அவவின்ட பிறந்தநாளுக்கு ஃபோன் எடுக்கேக்க, ஊசி என்ன, கண் பாத்தாச்சோ எண்டு கேட்டு ஒரு கொப்பியில எழுதி வைக்கிறன். நீங்களும் அப்பிடி ஒரு நாளைக் குறிச்சு வையுங்கோ தங்கச்சி.

காயல்காற்று
8 செப்டம்பர், காலை 8:14

வாப்பா 67 வயதில் ஹஜ்ஜுக்குப் போனபோதுதான் வாழ்நாளில் முதல் தடவையாக ஒழுங்காக ஊசி போட்டார். முகாமில் மூளைக்காய்ச்சல் ஊசி எல்லோருக்கும், வயதானவர்களுக்கு ஃப்ளூ ஊசியும். போலியோ சொட்டு கூடக் கொடுத்தார்கள், வரிசையில் நின்று வாய் திறந்து வாங்கிக்கொண்டார்கள் எல்லாப் பெரியவர்களும். பயணத்துக்கு என்றால் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டவர், வீட்டில் இருப்பதற்கு ஏன் என்று கேட்கிறார். "பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவரும் சளியும் லட்சம் பேர் கூட்டமும் ஒன்றுதான் வாப்பா" என்று சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு வருடமாகப் போட்டுக்கொள்கிறார்.

பசுமைக்காடு
9 செப்டம்பர், இரவு 8:02

செவிலி அம்மா, அப்பத்தாவிடம் கேட்டேன். முந்தானையை விலக்கி இடது கையைக் காட்டினார். இரண்டு தழும்பு, நாலணாக் காசு அளவு. "உங்க தாத்தனுக்கும் இருந்துச்சு, குத்துறவன் வந்தா வைக்கோல்போருக்குள்ள ஒளிஞ்சுக்குவோம், புடிச்சு இழுத்து வந்து குத்துவாங்க" என்றார். அவருடைய அண்ணன் ஒருவர் அம்மையில் போனது எனக்கு இன்றுவரை தெரியாது.

கஷாயத்தை நான் விடப்போவதில்லை. அப்பாவுக்கு 66. ஃப்ளூ ஊசி போடக் கூட்டிப் போகிறேன்.

வெண்ணாற்றங்கரை
5 அக்டோபர், மாலை 6:40

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் படுத்திருக்கும்போது 148, நின்றவுடன் 122. மஞ்சப்பையைக் கொட்டியதில் ஒரே மருந்து இரண்டு பெயரில் இருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்தது ஒன்று, மெடிக்கலில் வாங்கியது ஒன்று. இரண்டையும் ராத்திரி சேர்த்துப் போட்டிருக்கிறார். சுகாதார நிலைய டாக்டர் ஒன்றை நிறுத்தி, நேரத்தையும் மாற்றினார். மூன்று வாரமாகத் தலைசுற்றல் இல்லை.

அப்பாவுக்குச் சிறுநீரில் ஆல்புமின் இருக்கிறது. ஆரம்ப நிலைதான், மருந்து மாற்றினால் கட்டுப்படுத்தலாம் என்றார்கள். கண் படத்தில் இடது கண்ணில் சின்னக் கசிவு, நாலு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். நைலான் இழை சோதனையில் வலது பெருவிரலில் உணர்வு குறைவு. அன்றைக்கே பக்கத்தில் கடைக்குப் போய் மென்மையான செருப்பு வாங்கிவிட்டோம். வெறுங்காலோடு வயலுக்குப் போகக் கூடாது என்றபோதுதான் அவர் முகம் வாடியது.

செப்டம்பர் 20-ம் தேதி மன்னார்குடியில் அப்பாவுக்கு ஒரு கையில் ஃப்ளூ, மறு கையில் நிமோனியா. ஒரு நாள் கை வலி, அவ்வளவுதான். அக்கி ஊசி தீபாவளி போனஸ் வந்ததும் இரண்டு பேருக்கும் முதல் டோஸ். தம்பி பாதி தருகிறேன் என்றிருக்கிறான்.

செவிலி அம்மா, ஒரு கேள்வி. 1984-ல் நான் பிறந்தபோது அம்மாவுக்கு டி.டி. இரண்டு ஊசி போட்டார்களாம். அது இப்போது கணக்கில் வருமா, முதலிலிருந்து மூன்றும் போட வேண்டுமா?

ஓய்வுபெற்ற_செவிலி
5 அக்டோபர், இரவு 9:10

படிக்கப் படிக்க மனசு நிறைந்துவிட்டது அம்மாடி. அப்பாவிடம் சொல்லுங்கள், வயலுக்குப் போக ரப்பர் பூட்ஸ் இருக்கிறது. போடும் முன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுப் போடட்டும்.

அட்டையில் எழுதியிருந்தால் அந்த இரண்டும் கணக்கில் வரும். எத்தனை வருடம் ஆனாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை, மூன்றாவதைப் போட்டால் போதும். அட்டை இல்லையென்றால் போடாததாகவே வைத்துக்கொண்டு மூன்றும் போடச் சொல்வோம். பழைய டிரங்குப் பெட்டியில், உங்கள் ஜாதகம் வைத்த இடத்தில் தேடச் சொல்லுங்கள். பிரசவ அட்டையை அதோடுதான் பலர் வைத்திருப்பார்கள். கிடைத்தால் படம் எடுத்துப் போடுங்கள், அந்தக் காலத்துக் கையெழுத்து எனக்குப் புரியும்.